நாய் இருந்தால்தான் வீடு

"உங்ககிட்ட நாய் இல்லையா? அப்போ வீடு கிடைக்காது" என்றார் புரோக்கர்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குத் தலை சுற்றியது. "நாய் இருந்தாத்தானேய்யா வீடு தரமாட்டாங்க?"

"ஊர்ல எல்லாரும் அப்படி. இந்த வீட்டுக்காரம்மா இப்படி. பிராணி வளர்க்கிறவங்களுக்குத்தான் வீடு. ஆனா வாடகையிலேயே கரண்டு, தண்ணி, கேஸ் எல்லாம் அடக்கம்."

கடைக்காரரின் மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். அவள் ஓவனைப் போட்டால் பழைய வீட்டில் பியூஸ் போய் மாடி மாடியாகச் சண்டைக்கு வருவார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியாயிற்று. இந்த வீடும் கைநழுவினால் அவள் தொழிலுக்கு மூடுவிழாதான்.

"ஒரே ஒரு நாளைக்கு யாருகிட்டயாவது இரவல் வாங்குங்களேன்" என்றாள்.

"நாய்னா எனக்குத் தும்மல் வரும்டி."

"தும்முங்க. யாரு வேணாம்னா?"

புரோக்கரே ஒரு சலவைக்கடையைக் கைகாட்டினார். சலவைக்கடைக்காரர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. கொழுகொழுவென்றிருந்த பழுப்பு நாயைச் சங்கிலியோடு நீட்டினார். "காசெல்லாம் வேண்டாம் சார். நல்லா நடக்க வச்சு, குளிப்பாட்டிக் கூட்டிட்டுப் போங்க. அது போதும்."

இப்படியும் ஒரு மனிதரா என்று கடைக்காரர் உருகிப்போனார். நடந்தார்கள். குளிப்பாட்டினார்கள். அதில் நாயைவிட அவர்தான் அதிகம் நனைந்தார்.

வீட்டுக்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரவேற்றார். நாய் விறுவிறுவென்று போய் அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

"பேரு என்ன?"

"வீரன்" என்றார் இவர். அதே நொடியில் "பஞ்சு" என்றாள் மனைவி.

"வீரப்பஞ்சு" என்று ஒட்டுப்போட்டவர், அடுக்கடுக்காகத் தும்மினார்.

"உங்களுக்கு ஒத்துக்காதோ?"

"சேச்சே! இவனைப் பார்த்தாலே பாசம் பொங்கும்மா. அது மூக்கு வழியா வருது."

நிலைமையைச் சமாளிக்க மனைவி ஓரடி முன்னே வந்தாள். "எங்க பிள்ளை மாதிரிம்மா. நாங்க ஊட்டிவிட்டாத்தான் சாப்பிடுவான்!"

"அட, அப்படியா!" வீட்டுக்காரம்மா சாவியைக் கொடுத்தார். "அப்போ ஞாயித்துக்கிழமை தவறாம வந்து பார்க்கிறேன், நீங்க ஊட்டற அழகை."

வெளியே வந்ததும் கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி நாயைப் பார்த்தாள். நாய் மட்டும் நிம்மதியாக இருந்தது.

குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர் சலவைக்கடைக்கு ஓடினார்.

"நாய் இல்லையே சார். வேற வேலையா போயிருக்கு."

"நாய்க்கு என்னய்யா வேலை?"

"அதுக்கு மூச்சு விட நேரமில்ல, நீங்க வேற!"

ஒன்றும் புரியாமல் திரும்பியவர், மாடிப்படியில் அப்படியே நின்றார். மேல்வீட்டு வாத்தியார், சொட்டச் சொட்ட நனைந்த வீரப்பஞ்சுவோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"சார், இது எங்க வீரப்பஞ்சு!"

"என்னது? இது எங்க சிங்கம்!" வாத்தியாருக்கு முகம் வெளுத்தது. "மெதுவா பேசுங்க சார், அம்மா இப்போ எங்க வீட்டுக்கு வர்ற நேரம்."

"எங்க வீட்டுக்கும்தான் வர்றாங்க! கொஞ்ச நேரம் விடுங்க, ஊட்டிட்டுத் தந்துடறேன்."

"முடியாது! நான் கைகொடுக்கிற வித்தை காட்டறதா சொல்லிட்டேன்."

சங்கிலியின் ஒரு முனையை இவர் இழுக்க, மறுமுனையை வாத்தியார் இழுக்க, நாய் நடுவில் உட்கார்ந்து கொட்டாவி விட்டது. கடைக்காரர் தும்மிக்கொண்டே இழுத்தார்.

தேய்த்த துணிகளோடு படியேறி வந்த சலவைக்கடைக்காரர் இருவரையும் விலக்கிவிட்டார்.

"அடிச்சுக்காதீங்க சார், இது எங்க அக்கா, அதான் உங்க வீட்டுக்காரம்மாவோட நாய்தான்; முட்டி வலியில அவங்களால இதைக் கூட்டிட்டு நடக்க முடியலன்னுதானே, கரண்டு தண்ணியெல்லாம் கொடுத்து மாடிக்கு ஒரு குடும்பமா உங்களை வளர்க்கறாங்க!"