பக்கம் நூற்றுப் பன்னிரண்டு: திருத்திய பதிப்பு

"தம்பி, மாப்பிள்ளையின்ட தகப்பன் போன் எடுத்தவர். சும்மா குடுக்கிற அந்தப் புத்தகத்தை எழுதினது உங்கட மகனோ எண்டு கேட்டவர்."

தாய் தங்கேஸ்வரி இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். விரிவுரை மண்டபத்து வாசலில் நின்று கேட்ட இராகுலன்தான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"வேற என்ன கேட்டவர்?"

"வேற ஒண்டுமில்லை. நல்லது எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டார்."

நல்லது என்று சொல்லிவிட்டு போனை வைப்பவர்களை இராகுலன் நம்புவதே இல்லை. பெண் பார்த்துப் போன வீட்டுக்காரர் பெண்ணின் அண்ணன் எழுதிய புத்தகத்தை ஏன் விசாரிக்கவேண்டும்? பக்கம் நூற்றுப் பன்னிரண்டைப் பார்த்துவிட்டார்கள், வேறென்ன!

இராகுலன் திருகோணமலையில் ஒரு தனியார் கல்லூரியில் உயிரியல் விரிவுரையாளர். தலையணை மொத்தத்தில் வருகிற வெளிநாட்டுப் புத்தகங்களை வாங்கப் பிள்ளைகளுக்கு வசதியில்லை. ஆகவே, எவரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற அனுமதியோடு இணையத்தில் கிடந்த ஒரு பாடநூலைத் தமிழாக்கி, அதே அனுமதியோடு இலவசமாக வெளியிட்டிருந்தார். அதுவரைக்கும் புண்ணியமான காரியம்தான். ஆனால் நம்முடைய பிள்ளைகளுக்கு நம்முடைய ஊர் உதாரணம்தான் வேண்டும் என்று ஒரு பிடிவாதம் அவருக்கு இருந்தது. பனிக்கரடியைத் தூக்கிவிட்டுத் திருகோணமலைக் கோட்டைக்குள் திரிகிற மானைப் போட்டார். ஏதோ ஆற்று மீனைத் தூக்கிவிட்டுச் சாளையைப் போட்டார். பரம்பரை அத்தியாயத்தில் நிறக்குருட்டுக்குக் காட்டியிருந்த வெள்ளைக்காரக் குடும்பத்தைத் தூக்கிவிட்டு, தன் குடும்பத்தையே போட்டார்.

சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத தந்தை கதிரவேல், கறுப்புச் சதுரம். அதை மறைவாகச் சுமக்கும் தங்கை சுதர்ஷினி, பாதி கறுத்த வட்டம். எல்லாம் பெயரோடு. கீழே விளக்கம் வேறு: "இவருக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இக்குறை வரக்கூடும்."

படம் கீறிய காலத்தில் தங்கைக்குக் கலியாணப் பேச்சு இல்லை. இப்போது நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் சின்னராசாவின் மகன் தர்மிகனோடு பேச்சு முற்றியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து நாள் குறிப்பதாக ஏற்பாடு. சுதர்ஷினிக்கு அவனை நன்றாகவே பிடித்துவிட்டது. சுள்ளென்று விழுகிற பெண், ஒரு மாதமாகக் குசினிக்குள் சமையலோடு சமையலாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். அந்தப் பாட்டு நின்றுபோனால் அது தன்னால்தான் என்று இராகுலனுக்குத் தோன்றியது.

வகுப்பை விட்டுவிட்டு நூலகத்துக்கு ஓடினார். கல்லூரி இணையத்தளத்துக்குப் பொறுப்பு அங்கிருந்த நௌபர்.

"நௌபர், நூற்றுப் பன்னிரண்டில இருக்கிற படத்தை உடனே எடுங்கோ."

"எடுக்கலாம் சேர். ஆனா அந்த இடம் வெறுமையாக் கிடக்கும்."

"கிடக்கட்டும்!"

கிடந்தது. "நமது ஊர்க் குடும்பம் ஒன்றில் நிறக்குருடு" என்ற தலைப்பு மேலே, வெற்றுக் கட்டம் கீழே. பின்னேரமே ஒரு மாணவி வந்து, "சேர், அந்தக் குடும்பம் எங்க போயிட்டுது?" என்று கேட்டாள். இராகுலன் மறுபடி நூலகத்துக்கு ஓடினார்.

"முன்பக்கத்தில ஒரு திருத்தம் போடுவம், நௌபர். நான் சொல்லுறன், அடியுங்கோ. 'பக்கம் நூற்றுப் பன்னிரண்டில் முன்பு இடம்பெற்ற குடும்பத்துக்கு அத்தகைய குறை எதுவும் இல்லை. பழைய பதிப்பை வைத்திருப்போர் தயவுசெய்து அழித்துவிடவும்.'"

நௌபர் அடித்துவிட்டுத் திரையை ஒருமுறை பார்த்தார், இராகுலனை ஒருமுறை பார்த்தார்.

"சேர், நான் ஒண்டு சொல்லட்டா?"

"வேண்டாம். போடுங்கோ."

போட்டார். இரண்டு வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியும் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்காத மாணவர்கள் அன்றிரவே பழைய பதிப்பைத் தேடிப் பிடித்தார்கள். கிடைத்தவன் கிடைக்காதவனுக்கு அனுப்பினான். காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் முன்வரிசையிலிருந்து முதல் கேள்வி வந்தது.

"சேர், உங்கட அப்பாவுக்குச் சிவப்புத் தெரியாதோ?"

வெளியே நௌபர் முகமெல்லாம் மலர்ந்து நின்றார். "சேர், எங்கட புத்தகத்தை ஒரே நாளில இவ்வளவு பேர் பாத்தது இதுதான் முதல்தரம்!"

மத்தியானம் தாயின் அழைப்பு வந்தது. இம்முறை குரல் சாதாரணமாக இல்லை.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை வர ஏலாதாம். கொஞ்சம் யோசிக்கவேணுமாம். நேற்று வரைக்கும் நல்லாத்தானே கதைச்சவை?"

அதற்குள் இன்னொரு செய்தியும் வந்து சேர்ந்தது. கிண்ணியாவில் டியூசன் நடத்தும் ஸல்ஹா டீச்சர் அந்தப் படத்தைத் தன் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறாராம். இராகுலன் அவரை அழைத்தார்.

"டீச்சர், அதைத் தயவுசெய்து கழட்டுங்கோ."

"ஏன் சேர்? ஆரும் எடுக்கலாம், மாத்தலாம் எண்டு நீங்கதானே கொட்டை எழுத்தில போட்டிருக்கீங்க? நான் மாத்தக்கூட இல்ல. பெருசாக்கித்தான் ஒட்டினன்."

"நான் போட்ட திருத்தத்தைப் பாக்கேல்லையோ?"

"பாத்தன் சேர். அதையும் பக்கத்தில ஒட்டியிருக்கன். புள்ளைகள் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்குதுகள்."

தானம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க ஒரு வழியும் இல்லை என்பது இராகுலனுக்கு அப்போதுதான் உறைத்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓர்ஸ் ஹில்லில் இருந்த வீட்டுக்கு வந்தார். கதிரவேல் கதிரையில் சாய்ந்து, நடப்பது எதுவும் தன்னைப் பற்றியது அல்ல என்பதுபோல் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நிறம் தெரியாததால ஆருக்கு என்ன நட்டம்? கொம்மா அலமாரியால எடுத்துத் தாற சேட்டைத்தானே நான் போடுறன்."

"அப்பா, கொஞ்சம் பேசாம இருங்கோ."

சுதர்ஷினி குசினியிலிருந்து வந்தாள். பாட்டு இல்லை. கண் சிவந்திருந்தது.

"அண்ணா, நான் ஒண்டு சொல்லவேணும்."

"நீ ஒண்டும் சொல்லாத. குழப்பினது நான். சரிக்கட்டப் போறதும் நான்."

"அதில்லை, நான் தர்மிகனுக்கு..."

"அவரோட இதைப்பற்றி ஒரு சொல் கதைச்சிடாத! கும்பிட்டுக் கேக்கிறன்."

அவள் சொல்ல வந்ததைக் கேட்காமலே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அவர் நிலாவெளிக்குப் புறப்பட்டார். உப்புவெளியைத் தாண்டும்போது உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. உண்மையால் வந்த வினைதானே இவ்வளவும் என்று அதைக் கைவிட்டார்.

சின்னராசா விடுதி முற்றத்தில் இருந்தார். கதிரை போட்டார், தேத்தண்ணி வரவழைத்தார். அவருடைய மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்றார். மகள் துளசிகா தாயின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். தர்மிகன் எங்கோ உள்ளே இருந்தான், வெளியே வரவில்லை.

"தம்பி, நான் சுத்தி வளைக்கேல்லை," என்றார் சின்னராசா. "உங்கட அப்பாவுக்கு அந்தக் குறை இருக்கோ, இல்லையோ?"

"இல்லை, ஐயா."

"முதல் புத்தகத்தில போட்டிருந்ததே?"

"அது பிழை. வெளிநாட்டுக்காரரின்ட படத்தில எங்கட பேரை மட்டும் மாத்திப் போட்டுட்டன்."

"அப்ப அப்படி ஒண்டுமே இல்லை?"

"அம்மாவாண இல்லை, ஐயா!"

விஞ்ஞானத்தில் ஒரு காற்புள்ளியைக்கூடப் பொய்யாகப் போடாத மனிதர் அவர். தங்கைக்காகத் தாயின் மேல் ஆணையிட்டுப் பொய் சொல்லிவிட்டு, மூச்சை விட்டு நிமிர்ந்தார். இத்தோடு எல்லாம் சரி என்று நினைத்தார்.

சின்னராசாவின் முகம் தொங்கிப்போயிருந்தது. மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

"அப்ப சரி, தம்பி. இது சரிவராது. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ."

இராகுலன் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். இல்லை என்று சத்தியம் செய்தும் நம்பாத மனிதர்களிடம் இனி என்ன கதைப்பது? வீட்டுக்குப் போய்த் தங்கையின் முகத்தில் எப்படி முழிப்பது? மோட்டார் சைக்கிளில் ஏறிச் சாவியைப் போட்டார். அந்தப் புத்தகத்தை எழுதிய நாளை மனதாரத் திட்டினார்.

வாசல் படலை வரைக்கும் செருப்பில்லாமல் ஓடிவந்த துளசிகா, மூச்சிரைக்க ஹேண்டிலைப் பிடித்தாள்.

"அண்ணா, எங்கட அண்ணாக்கும் சிவப்புப் பச்சை தெரியாது, அதைச் சொல்லித்தான் முதல் பேசின ரெண்டு இடத்தில வேண்டாமெண்டவை, 'என்ட அப்பாவும் இப்படித்தான்' எண்டு அண்ணி நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை அனுப்பின பிறகுதான் அவர் கலியாணத்துக்கே ஓமெண்டவர். அண்ணி பொய் சொல்லேல்லை எண்டு உள்ள வந்து இன்னொருக்காச் சத்தியம் பண்ணுங்கோ!"