ஏழாம் குப்பியும் எட்டாம் குப்பியும்

அன்பு மகள் ஆர்கிரோவுக்கு, பெரியப்பா மனூசோஸ் எழுதுவது. இங்கே ஆடுகள் நலம், ஆலிவ் மரங்கள் நலம், நானும் ஒருவாறு நலம். ஹெராக்லியோனில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நான் நம்புகிறேன். உன் அம்மா நம்பவில்லை.

நிற்க. குளிர்காலக் காய்ச்சலுக்கு நம் மலை மூலிகைகள் கேட்குமா என்று பார்க்க நாற்பது பேருக்குக் குப்பி கொடுத்தாய். பாதிக் குப்பிகளில் திக்தாமோ இலையும் தைம் இலையும் சேர்த்த எண்ணெய் மாத்திரை, மீதியில் வெறும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் உன் மூன்று வருட உழைப்பு பாழ் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். அந்தச் சத்தியத்தை நான் டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை காப்பாற்றினேன். அன்று உன் பெரியம்மாவின் தம்பி சிஃபிஸ் சாப்பிட வந்தான். வந்தவன் சும்மா இருக்காமல் என் ஏழாம் குப்பியிலிருந்து ஒன்றைக் கடித்து, "அத்தான், இதுல மலையே இருக்கு!" என்றான். பிறகு அவளுடைய எட்டாம் குப்பியிலிருந்து ஒன்றைக் கடித்துத் துப்பினான். "அக்கா, உனக்கு வெறும் எண்ணெய்தான். நம்ம ஊரு எண்ணெய்னாலும் போவுதுன்னு விடலாம். இது கீழூர்க்காரனுங்க எண்ணெய்!"

உன் பெரியம்மா எவந்தியா கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்க தம்பி மக உங்களுக்கு மருந்து குடுப்பா, எனக்குக் கீழூர் எண்ணெய் குடுப்பாளா? வருஷா வருஷம் ஈஸ்டருக்கு அவளுக்குக் கலிச்சூனியாப் பலகாரம் சுட்டு அனுப்பறது யாரு?"

"எல்லாம் குலுக்கல்ல வந்ததும்மா."

"குலுக்கினது யாரு?"

அன்றிலிருந்து ஆறு வாரமாக என்னோடு பேச்சில்லை. சாப்பாடு தயார் என்று பூனையிடம்தான் சொல்கிறாள். ஆனால் அவளுக்கு இளைப்பு உண்டே, எனக்கு மனசு கேட்குமா? அன்று இரவே குப்பிகளில் இருந்த மாத்திரைகளை இடம் மாற்றிக் கொட்டிவிட்டேன். உன் விஞ்ஞானத்துக்கு நான் செய்த துரோகம் இது, திட்டிக்கொள். ஜனவரியில் ஒரு ஞானஸ்நான விருந்திலிருந்து ஊரே காய்ச்சலோடு திரும்பியது. நான் எட்டு நாள் படுத்தேன், அவளோ ஒரு தும்மல்கூட இல்லாமல் எனக்குக் கஞ்சி வைத்தாள். வெறும் எண்ணெய் தின்றவன் விழுந்தான், மருந்து தின்றவள் நின்றாள்! ஆகவே கணக்கில் ஏழை எட்டாகவும் எட்டை ஏழாகவும் திருத்திக்கொண்டு, உன் மருந்து வேலை செய்கிறது என்று பேராசிரியரிடம் தைரியமாகச் சொல்.

பனாயியா மாதா உன் கையைப் பிடித்து நடத்தட்டும்.

உன் பெரியப்பா,
மனூசோஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் பெரியம்மா இதைப் படித்துவிட்டாள். பூனையைத் தாண்டி நேராக என்னிடமே பேசினாள். "நீங்க மாத்தினது மறுநாள் காலையிலயே தெரியும். மேசையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. நான் திருப்பி மாத்தி வெச்சிட்டேன். பஸ் ஓட்டி ஓட்டிப் புகையா முழுங்கின நெஞ்சு உங்களுது. பேசாம இருக்கறது வேற, சாக விடறது வேற."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் உன் நினைவு வந்தது. அப்படியென்றால் மருந்து தின்று விழுந்தவன் நான், எண்ணெய் தின்று நின்றவள் அவள். மகளே, சிஃபிஸின் நாக்கு பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள். நானும் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டேன். எவந்தியா மட்டும், கீழூருக்குப் போய் ஒரு டின் எண்ணெய் வாங்கி வரச் சொல்கிறாள்.