எச்சரிக்கை விளக்கும் திரவியம் மாமாவின் கொசுறும்

10.2.2000, வியாழன்

நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை. கார் எஞ்சினைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கியது செவ்வாய்க்கிழமை என்று எழுதியிருந்தேன். திங்கட்கிழமை என்று இருக்க வேண்டும். அறிவியல் மனப்பான்மை உள்ளவன் இத்தகைய பிழைகளை உடனே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

மற்றபடி இன்று ஒரு பொன்னாள். திருவனந்தபுரம் வலியசாலையின் நெடிய வரலாற்றில் முதன்முறையாக ஒரு கார் தன் நோயைத் தானே எடுத்துச் சொன்னது. அதைக் கேட்டு எழுதும் பேறு எனக்கு வாய்த்தது.

கார் திரவியம் மாமாவுடையது. அவர் மகன் வினீத் மஸ்கட்டிலிருந்து கப்பலேற்றி அனுப்பியது. எண்பத்தெட்டாம் வருட ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு நிறம், இரண்டே கதவு. முன்விளக்குகள் தூங்கி எழுந்த கண்கள்போல் மேலே திறக்கும். சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் மாமாவுக்கு, அதில் ஒரு மூட்டைகூட ஏற்ற முடியாது என்பதைத் தவிர வேறு குறை தெரிந்ததில்லை. செவ்வாய்க்கிழமை டிரைவர் தளவாய் அண்ணன் எடுத்துக்கொண்டு போனபோது கிழக்கேகோட்டையில் நடுங்கி நின்றுவிட்டது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால், எஞ்சின் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

"வெளக்கு எரியுதுன்னா எவனோ தப்பு பண்ணியிருக்கான்" என்று மாமா சாவியை வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை வினீத் விமானத்தில் வருகிறான். அதற்குள் அறிக்கை தேவை. குற்றம் தளவாய் அண்ணனுடையது என்றால் அவர் பழையபடி அரிசி லாரிக்குப் போக வேண்டும். அந்த லாரியின் கிளச்சை மிதித்து மிதித்துத்தான் அவருடைய இடது முட்டி போனது. குற்றமில்லை என்றால் சாவி திரும்பக் கிடைக்கும்.

விசாரணை அதிகாரியாக நான் 'நியமிக்கப்பட்டேன்'. தகுதி: தம்பானூரில் ஆட்டோமொபைல் எலெக்ட்ரானிக்ஸ் மாலை வகுப்பு, ஏழு வாரம். அதில் இரண்டு வாரம் ஹர்த்தால், காய்ச்சல்.

முறை எளியது. பானெட்டுக்கு அடியில் ஒரு சிறு பெட்டி. அதிலுள்ள இரண்டு துளைகளை ஒரு வயரால் இணைத்தால் மஞ்சள் விளக்கு மின்னத் தொடங்கும். முதலில் மின்னுவது முதல் இலக்கம். சற்று இடைவெளி. பிறகு மின்னுவது இரண்டாம் இலக்கம். வகுப்பில் பினு சார் கொடுத்த ஜெராக்ஸ் பட்டியலில் அந்த எண்ணைத் தேடினால் குறை கிடைத்துவிடும்.

வயரைப் பிடித்தவன் வெளியே, விளக்கு உள்ளே. எனவே மாமா டிரைவர் சீட்டில் அமர்ந்து எண்ணுவதென்று தீர்மானமானது. நாற்பது வருடம் அரிசி அளந்தவர். எண்ணுவதில் அவரைவிடத் தேர்ந்தவர் யார்?

"லாபம்!" என்று மாமா தொடங்கினார். அரிசி அளக்கும்போது ஒன்று என்று சொல்லும் வழக்கமில்லை. "ரெண்டு, மூணு, நாலு." சிறு அமைதி. "லாபம், ரெண்டு. எழுதிக்கோடே!"

நாற்பத்திரண்டு. பட்டியலைப் பார்த்தேன். 'வேகம் அளக்கும் கருவி.' என் உடல் சிலிர்த்தது. வேகம்! கார் நாசூக்காகச் சொல்கிறது. நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கருவியின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. ஆகவே கருவி குற்றமற்றது, ஓட்டியவரே குற்றவாளி.

தளவாய் அண்ணனை வரவழைத்து விசாரித்தேன்.

"எத்தனை வேகத்துல போனீங்க?"

"வேகமா? கிழக்கேகோட்டையிலயா? பஸ்ஸுக்குப் பின்னாலயல்லவா நின்னேன் தம்பி. ரெண்டாம் கியரு விழல்லே."

"வண்டி வேற மாதிரி சொல்லுதே."

"வண்டியா? எங்கிட்ட ஒண்ணும் பறஞ்சதில்லையே. நீ படிச்சவன், உங்கிட்ட பறஞ்சிருக்கும்."

'குற்றம் சாட்டப்பட்டவர் மறுத்தார். இத்தகையோர் மறுப்பது வழக்கம்' என்று அறிக்கையில் எழுதினேன். மாமா படித்துவிட்டு, "இங்கிலீஷ் டாக்டர் எழுதினது மாதிரி இருக்குடே" என்றார். தளவாய் அண்ணன் கிளம்பினார். படியிறங்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

12.2.2000, சனி

நேற்று மாமா காரைக் கடை வரை ஓட்டிப் பார்த்தார். நடுக்கம் குறையவில்லை, திரும்பி வரும்போது ஆறு பேர் தள்ளினார்கள். குற்றவாளியைக் கண்டுபிடித்த பிறகும் குற்றம் தொடர்வது விசித்திரம்தான். மாலை வகுப்பில் பினு சாரிடம் கேட்டேன்.

"எடோ, வெளக்கு பொய் பறயாது" என்றார் அவர். "எண்ணுற ஆள் பறயும். நீ போய் உள்ள இரு, கேட்டோ."

இன்று மத்தியானம் இடம் மாறினோம். மாமா வயரைப் பிடித்தார். நான் உள்ளே அமர்ந்தேன். மூன்று. இடைவெளி. ஒன்று.

"மாமா, அன்னைக்கு எத்தனை தடவை மின்னிச்சு?"

"மூணு, பெறகு ஒண்ணு."

"நாலு, ரெண்டுன்னு சொன்னீங்களே!"

"அது கொசுறுடே! அளந்து முடிச்சா மேல ஒண்ணு போடாம கையை எடுத்ததுண்டா நான்? சாலைக் கடைத்தெருவுல நம்ம பேரு நிக்கது பின்னே எதுலயாக்கும்?"

முப்பத்தொன்று. 'உள்ளே போகும் காற்றை அளக்கும் கருவி.' இதைக் குறித்துக்கொள்ளும்போதே விளக்கு மறுபடி மின்னியது: நான்கு, இரண்டு. இந்த முறை கொசுறு இல்லை. வியாழக்கிழமை நான் கழற்றிய பிளக்கைத் திரும்ப மாட்டவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆக, நான் முதலில் கண்டுபிடித்த குறையும் இப்போது உண்மையாகவே வந்துசேர்ந்திருந்தது.

அதை மாட்டினேன். காற்றை அளக்கும் கருவியின் பிளக்கைப் பார்த்தேன். பாதி வெளியே வந்திருந்தது. அதன் கொக்கியில் ஒரு பச்சை நூல் சிக்கியிருந்தது. டியூட்டோரியல் காலேஜ் ஆண்டுவிழாவில் எனக்குக் கொடுத்த பச்சை பனியனின் நூல். அந்தப் பனியனைக் கிழித்துத்தான் திங்கட்கிழமை எஞ்சினைத் துடைத்தேன். செவ்வாய்க்கிழமை வண்டி நின்றது.

பிளக்கை அழுத்தினேன். 'டக்' என்றது. பழைய பதிவுகள் அழிய ஃபியூஸைக் கழற்றி மாட்டினேன். எஞ்சின் சுருதி சுத்தமாக ஓடியது. விளக்கு அணைந்தது.

"கெட்டிக்காரன்டே நீ!" என்று மாமா முதுகில் தட்டினார். "தளவாய் கெடுத்ததை நீ செரியாக்கிட்டே. நாளைக்கு வினீத் கிட்ட சொல்லணும்."

நூல் என் சட்டைப் பையில் இருந்தது. பானெட்டை மூடினேன்.

அந்தக் காரின் கணினியும் என்னைப்போல் நாட்குறிப்பு எழுதுகிறது. எது கழன்றது என்று மட்டும் எழுதுகிறது. யார் என்று எழுதுவதில்லை. அந்த இடத்தில் ஒரு பெயரை எழுதியவன் நான். என்னுடைய நாட்குறிப்பில் இந்த வாரம் முழுக்கச் சரியாக இருப்பது, நான் திருத்திய அந்த ஒரு கிழமை மட்டும்.

நாளைய வேலை: காலை நாலரைக்கு, வினீத்தை அழைத்துவரக் கிளம்பும் முன், மாமாவிடம் பச்சை நூலைக் காட்டிச் சாவியை வாங்க வேண்டும். கரமனையில் தளவாய் அண்ணன் வீட்டுக்குப் போய் அதைக் கொடுக்க வேண்டும். எஞ்சினைத் துடைக்கக் கூடாது.