மனேச்சரின் இடக்கை வியாழன்

"ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை, பின்னேரம். மனேச்சர் பின்பக்கமாக நடந்து வாசிகசாலைக்கு வந்தார். வழியில் ஓர் ஆடும் ஒரு சைக்கிளும் விலகிக்கொண்டன. காரணம் விசாரிக்க வேண்டும்."

இது என் நாட்குறிப்பில் உள்ள பதிவு. எங்கள் வாசிகசாலைக்கு நான் கௌரவச் செயலாளர். ஊரில் நடப்பதை நாள் கிழமையோடு எழுதிவைப்பது என் பழக்கம். அந்தப் பழக்கத்தின் பலத்தில் ஒன்றைத் துணிந்து சொல்கிறேன். வலிகாமத்தில் மூளை உள்ளவர்கள் ஏராளம். ஆனால் தன் மூளையை ஒரு மாட்டைப்போலக் காலையில் அவிழ்த்து, ஏரில் பூட்டி உழுது, பின்னேரம் குளிப்பாட்டிக் கட்டியவர் மனேச்சர் ஒருவர்தான்.

சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையை நெடுங்காலம் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். எண்பதை எட்டிப்பிடிக்கும் வயது. சொந்தப் பெயர் மின்சார பில்லில் மட்டும் இருந்தது. மனைவி இல்லை. ஒரே மகன் ரவி ரொறன்ரோவில்.

விசாரித்தேன். காரணம் அவருடைய தமையனார். அந்த மனிசனுக்கு முதலில் காது போனது. காதுக்கு மிசின் வைக்க வெட்கப்பட்டார். கேட்காதவரோடு யார் கத்திக் கதைப்பது? ஒவ்வொருவராகக் கதையைக் குறைத்தார்கள். அவரும் அறைக்குள்ளேயே இருந்துவிட்டார். கடைசியில் கூடப்பிறந்த தம்பியைப் பார்த்து, "ஆர் தம்பி நீர்? ஆரின்ரை பொடியன்?" என்று மரியாதையாக விசாரித்தார். அவர் கண்மூடி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாளே மனேச்சர் தம் மூளைக்குக் கிழமைவாரியாக நேரசூசி போட்டுவிட்டார்.

"செக்கிரட்டரி, மூளைக்கு ஓய்வு குடுத்துப் பாரும். அது பென்சனையும் எடுத்துக்கொண்டு போயிடும்," என்றார் என்னிடம்.

திங்கட்கிழமை புதிய ஒழுங்கை. எந்த இடத்துக்கும் போன கிழமை போன வழியால் போகக்கூடாது. இதனால் ஊரிலுள்ள எல்லா நாய்களும் அவரைத் தனித்தனியாக அறிந்திருந்தன. செவ்வாய் பின்நடை. புதன் சிங்களம். சின்னத்திரை நாடகங்களைப் பார்த்துப் பழகிய சிங்களத்தில் மானிப்பாய் பஸ்ஸில் ரிக்கற் கேட்பார். கொண்டக்டர் எங்கள் ஊர்ப் பொடியன்தான். அவன் ஒன்றும் விளங்காமல் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டான்.

வியாழன்தான் ஆபத்தான நாள். அன்றைக்கு எல்லாம் இடக்கை. பல் தீட்டுவது, சீப்பால் தலை இழுப்பது, கையெழுத்து, கேற் பூட்டு, எல்லாம். முதல் வியாழனே கோயிலில் திருநீற்றுக்கு இடக்கையை நீட்டிவிட்டார். ஐயர் தட்டோடு சிலையாகி நின்றார்.

"கை மாறிப்போச்சு, மனேச்சர்."

"மூளை மாறக்கூடாதெண்டுதான் ஐயா கையை மாத்தினனான்."

"அப்ப முருகனும் வியாழக்கிழமையில வேலை மற்றக் கையில பிடிக்கட்டோ?"

அன்று பின்னேரமே சட்டத்தில் திருத்தம் வந்தது. சோறும் திருநீறும் எந்நாளும் வலக்கைக்கே. மற்றதெல்லாம் பழையபடி.

இதற்கெல்லாம் மேலே வல்லாரை. கிணற்றடி முழுக்க வல்லாரைப் பாத்தி. சம்பல், கஞ்சி, சும்மா பச்சை இலை. போகிற வருகிறவர்களுக்கும் பிடுங்கிக் கொடுப்பார். பக்கத்து வீட்டு ஓவசியர் ஒரு மாதம் விடாமல் தின்றார். மாத முடிவில் தன் குடையை மனேச்சர் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார்.

சில வருடங்களுக்குப் பிறகு, இந்த ஓவசியரால்தான் வினை வந்தது. வீதித் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்டவரில்லை. ஆனால் பின்னேரங்களில் வாசிகசாலை மாமரத்தின் கீழ் நாங்கள் விளையாடும் முந்நூற்றிநாலில் மனேச்சரிடம் தோற்றுத் தோற்று மனம் கசந்திருந்தார். முந்நூற்றிநாலு தெரியாத வாசகருக்கு ஒரு வரி: நாலு பேர், இரண்டு சோடி, ஆளுக்கு எட்டுக் கடதாசி. புள்ளியை ஏலம்போல ஏற்றிக் கேள்வி கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். யார் எதைப் போட்டார் என்பதை மறந்தவன் செத்தான். மனேச்சருக்கு நான் சோடி. எங்கள் மரத்தடியில் தோற்ற சோடி மறுநாள் விடிய வாசிகசாலையைக் கூட்டவேண்டும். ஓவசியரும் அவருடைய சோடியான தையல்காரரும் அந்த வருடம் கூட்டிய கூட்டில் சிமெந்து தேய்ந்துவிட்டது.

ஓவசியர் மனேச்சரின் பின்நடையை ஃபோனில் வீடியோ எடுத்தார். ஒழுங்கை மாறிப் போவதை எடுத்தார். இடக்கையால் கேற்றைப் பூட்டத் தவிப்பதையும் எடுத்தார். எல்லாவற்றையும் ரொறன்ரோவுக்கு அனுப்பி, "தம்பி, கோவிக்காதை, கொப்பருக்கு மூளை தட்டிப்போட்டுது போலை கிடக்கு," என்று ஒரு வரியும் சேர்த்தார். மூளை தட்டாமல் இருக்க ஒரு மனிதன் செய்ததெல்லாம், தட்டியதற்குச் சாட்சியாகப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த கிழமையே ரவி வந்து இறங்கினார். பெரியப்பாவின் கடைசிக்காலக் கதை தெரிந்தவர். பயந்திருந்தார். கொழும்பில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு வைத்துவிட்டே வந்திருந்தார். மனேச்சர் சத்தம் போடவில்லை.

"டொக்டரிட்டைக் காட்டு. தட்டினதெண்டு டொக்டர் சொன்னால் நானே பெட்டி கட்டுறன். இல்லையெண்டால் என்னை என்ரை கிணத்தடியில விடு," என்றார்.

ரவி ஒப்புக்கொண்டார். கிடைத்த நாள் வியாழக்கிழமை.

நகரத்தில் ஒரு தனியார் மருத்துவ நிலையம். இளம் பெண் டொக்டர். துணைக்கு நானும் போனேன். ஐந்து சொற்களைச் சொல்லி நினைவில் வைத்திருக்கச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். சங்கக்கடை மனிசனுக்கு அது கற்கண்டு. டொக்டர் போதும் என்ற பிறகும் கழித்துக்கொண்டே போனார். பிறகு டொக்டர் ஒரு தாளைத் தந்தார்.

"ஐயா, இதில மணிக்கூடு ஒண்டு கீறுங்கோ. பதினொண்டு பத்து காட்டவேணும்."

மனேச்சர் பேனையை இடக்கையில் எடுத்தார். வட்டம் பலாக்கொட்டை வடிவில் வந்தது. பன்னிரண்டு விழுந்து கிடந்தது. முட்கள் இரண்டும் நடுங்கி எங்கேயோ போயின. டொக்டர் ஏதோ குறித்துக்கொண்டார். ரவி தாளை எட்டிப் பார்த்தார்.

"அப்பா, வலக்கையால கீறுங்கோவன்."

"இண்டைக்கு வியாழன்."

"ஐயோ அப்பா, உங்களைக் கும்பிட்டன்."

"டொக்டருக்காக ஒரு நாள் விட்டால், நாளைக்கு மழைக்காக ஒரு நாள் விடுவன். பிறகு கொண்ணை மாதிரி கட்டிலில கிடப்பன்."

"கொண்ணையோ? எனக்குத் தமையன் இல்லையே," என்றார் ரவி கலங்கிப்போய்.

"கொப்பன்ரை தமையனடா," என்றார் மனேச்சர். அவசரத்தில் வாய் தடுமாறியதுதான். ஆனால் ரவி அதையும் கணக்கில் வைத்துக்கொண்டதை நான் கண்டேன்.

டொக்டருக்குச் சிரிப்பும் வந்தது, சந்தேகமும் வந்தது. நாளைக்கு வலக்கையோடு வாருங்கள், அதுவரை ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார். வெளியே வந்ததும் ரவி என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். இந்தப் பிடிவாதமே நோயின் அடையாளமாம், இணையத்தில் வாசித்தாராம். நாளைய முடிவு எப்படி வந்தாலும் சனிக்கிழமை கொழும்புக்கு வான் பிடிக்கப் போவதாகச் சொன்னார்.

திரும்பும் வழியில் மனேச்சர் பஸ்ஸில் என் காதோடு கதைத்தார்.

"செக்கிரட்டரி, உமக்கு இண்டைக்குத் தலையிடி."

"எனக்கு ஒண்டுமில்லையே."

"நாலரைக்கு வரும்."

நாலரைக்கு வந்தது. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, வாசிகசாலை மாமரத்தடி வாங்குப் பலகையில் ஒரு பத்திரிகையோடு ஒதுங்கினேன். மனேச்சர் வாசல் படலையடியில் நின்ற மகனைப் பார்த்து, மிகச் சாதாரணமாக, "ரவி, ஒரு கை குறையுது. வா," என்றார்.

ரவி மறுக்கப் பார்த்தார். ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்தவனிடம் ஒரு கை குறைகிறது என்று சொன்னால், அவன் கால் தானாக வரும். தகப்பனும் மகனும் ஒரு சோடி. ஓவசியரும் தையல்காரரும் மற்றச் சோடி.

முதல் ஆட்டம் ஓவசியரின் கேள்வி. இறுக்கமான ஆட்டம். கடைசியில் ரவி கலாவரை இனத்தில் ஒன்றை இறக்க, ஓவசியர் துரும்பால் வெட்டி, பல் தெரியச் சிரித்தார். மனேச்சர் கடதாசிகளைக் கூட்டி அடுக்கிக்கொண்டே கதைத்தார். குரல் உயரவேயில்லை.

"தையல்காரர் கலாவரை ஜாக் போட்டு அடிக்கேக்கை ஓவசியர் என்ன போட்டவர்?"

ரவி யோசித்தார். "தெரியேல்லை."

"எட்டு. சோடி வெல்லுற இடத்தில புள்ளி குடுக்காமல் எட்டைப் போட்டால் என்ன அர்த்தம்? அவரிட்டைக் கலாவரை முடிஞ்சுது. துரும்போட இருக்கிற மனிசனுக்கு முன்னால நீ கலாவரையை இறக்கினால், வெட்டாமல் கும்பிட்டுக்கொண்டோ இருப்பார்?"

பிறகு முழு ஆட்டத்தையும் சொன்னார். முதற் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை யார் எதைப் போட்டார், எங்கே தயங்கினார், ஓவசியர் எந்த இடத்தில் மூக்கைச் சொறிந்தார் என்பது வரை. தையல்காரர் வாயைத் திறந்தபடி இருந்தார். ஓவசியர் மூக்கிலிருந்த கையை மெதுவாக எடுத்தார்.

ரவி தகப்பனைப் பார்த்தார். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டு, "போடுங்கோ," என்றார்.

அதன்பின் நடந்ததை வேட்டை என்றுதான் பதிந்திருக்கிறேன். மகனுக்குப் பழைய ஆட்டம் ஒவ்வொரு கடதாசியாகத் திரும்பி வந்தது. ஓவசியர் கவிழ்த்து வைத்த துரும்பு இஸ்கோப்பன் இனம் என்று இருவரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்து, ஒருவரை ஒருவர் பார்க்காமலே அவரை நடுவில் வைத்து அரைத்தார்கள். எதிர்ச் சோடிக்கு அந்தப் பின்னேரம் இன்னோர் ஆட்டம் கிடைக்கவில்லை. மனேச்சர் எல்லாக் கடதாசியையும் இடக்கையாலேயே போட்டார்.

விடிய வெள்ளிக்கிழமை. ஓவசியர் தும்புத்தடியோடு வாசிகசாலையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, நாங்கள் டொக்டரிடம் புறப்பட்டோம். இனித் தேவையில்லை என்று ரவி எவ்வளவோ சொன்னார். சொன்ன சொல் சொல்தான் என்றார் மனேச்சர். வலக்கையால் கீறிய மணிக்கூட்டில் செக்கன் முள்ளும் இருந்தது. முதல் நாள் கேட்ட ஐந்து சொற்களையும் கேட்காமலே ஒப்பித்தார், கடைசியிலிருந்து முதலுக்கு.

டொக்டர் மனம்விட்டுச் சிரித்தார். வல்லாரைக்கும் இடக்கைக்கும் தன்னால் உத்தரவாதம் தரமுடியாது என்றார். நடையை விடவேண்டாம், பிரஷர் குளிசையை மறக்கவேண்டாம், காது மந்தமானால் வெட்கப்படாமல் வாருங்கள், அந்தச் சீட்டு மேசையை மட்டும் ஒருநாளும் தவறவிடவேண்டாம் என்றார். மனேச்சருக்கு வல்லாரையைப் பற்றிச் சொன்னது பிடிக்கவில்லை. மறுநாள் ஒரு கட்டு வல்லாரை டொக்டருக்குப் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை வான் வந்தது. ரவி மட்டும் ஏறினார்.

அந்தச் சீட்டாட்டப் பின்னேரத்துக்குப் பிறகு எனக்கு ஒரு பழைய விடயத்தில் ஐயம் வந்துவிட்டது. என் மனைவி தவறிய வருடம் நான் கேற்றைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்துவிட்டேன். பத்திரிகை கூட வாசிக்கவில்லை. கிழமைகள் எனக்குக் குழம்பத் தொடங்கிய காலம் அது. நாட்குறிப்பில் பல பக்கங்கள் வெறுமை. ஒரு பின்னேரம் மனேச்சர் பின்பக்கமாக நடந்து வந்து என் கேற்றில் முதுகால் முட்டி நின்றார். "செக்கிரட்டரி, ஒரு கை குறையுது. வாரும்," என்றார். போனேன். அன்று தொடங்கியதுதான் என் முந்நூற்றிநாலு.

அன்று யார் வராமல் விட்டது? ஓவசியரைக் கேட்டேன். தான் எந்த நாளும் தவறியதில்லை என்று கோபித்தார். தையல்காரர் தானும் அங்கேதான் என்றார். அப்போது நாலாவதாக விளையாடிய தபாற்காரர் இன்று உயிரோடில்லை. கடைசியில் மனேச்சரையே கேட்டேன். எந்தச் சுற்றில் யார் எட்டைப் போட்டார் என்று சொல்லக்கூடிய மனிதர், கிணற்றடியில் குனிந்து வல்லாரை பிடுங்கியபடி, "அது மறந்துபோச்சு," என்றார்.

ஆகவே அன்றைக்கு உண்மையில் ஒரு கை குறைந்ததா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.