வெள்ளிக்கிழமை அப்பா இருக்க மாட்டார்

தீப்பெட்டியைக் காணவில்லை.

அடுப்பு பழைய எரிவாயு அடுப்பு. தானாகப் பற்றிக்கொள்ளும் பழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது. வெண்டெல் ஹாக்பர்க் நான்கு அலமாரிகளைத் திறந்து, நான்கையும் படாரென்று மூடினான். ஏரிக்கரைக்கு வந்து இறங்கியதும் தன் கையாலேயே கோகோ காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுப்பது என்பது அவன் போட்டு வைத்திருந்த திட்டத்தில் முதல் அம்சம். முதல் அம்சமே முரண்டு பிடித்தது.

ஐந்து வயது ஜூனி காலணியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள், ஏறினாள், காபித்தூள் டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டாள். தீப்பெட்டியை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"இது இங்க இருக்குன்னு உனக்கு எப்படிடா செல்லம் தெரியும்?"

"இங்கதானே இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிவிட்டாள்.

வந்து இறங்கிப் பத்து நிமிடம் ஆகவில்லை. வெண்டெல் சிரித்தான். அந்த வாரத்தில் அவனுக்குச் சுலபமாக வந்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

வெண்டெல் மினியாபொலிஸில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் துணைத்தலைவன். அங்கே மொத்தம் பதினேழு துணைத்தலைவர்கள். போன வசந்தத்தில் ஒரு சொற்பொழிவு கேட்டான். ஒரு குழந்தை பெற்றோருக்குத் தருவது பதினெட்டுக் கோடைகளே என்று பேச்சாளர் சொன்னதும் வெண்டெல் கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதான். கண்ணைத் துடைத்த கையோடு அதை ஒரு வரைபடமாக்கி அலுவலகத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினான். கிளம்பும்போது நான்கு பத்தி மின்னஞ்சல் ஒன்று அனுப்பிவிட்டு வந்தான். 'நான் விடுப்பில் இல்லை. என் குழந்தைகளோடு இருப்பில் இருக்கிறேன்' என்று அது தொடங்கியது. நாற்பத்தொரு பேர் சிவப்பு இதயம் அனுப்பினார்கள். கைபேசியை வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினான். பூட்டப்போவதைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியபிறகுதான் பூட்டினான்.

எந்த ஏரி, எந்த வீடு என்பதையெல்லாம் வழக்கம்போல மனைவி ப்ரிட்டாவிடமே விட்டுவிட்டான்.

"இடம் முக்கியமில்லை ப்ரிட்டா. இருக்கிறதுதான் முக்கியம்."

"சரி, பெல்ட்டைப் போடு" என்றாள் ப்ரிட்டா. ஐந்து மணி நேரம் வடக்கே காரை ஓட்டியது அவள். அவன் கண்ணை மூடி மூச்சைக் கவனித்துக்கொண்டு வந்தான். இடையிடையே குறட்டை விட்டும் கவனித்தான்.

திங்கட்கிழமை காலை ஏரியைக் காணவில்லை. அந்த அளவுக்கு மூடுபனி. படகுத்துறையின் பலகைகள் பத்தடி போய் வெண்மைக்குள் அறுந்து நின்றன. அதற்கு அப்பாலிருந்து ஒரு லூன் பறவை கூவியது. கெட்ட செய்தியைக் கேட்டுச் சிரிக்கிறவர்களின் குரல் அதற்கு.

ப்ரிட்டா பான்கேக் சுட்டாள். வட்டமாக அல்ல, மூஸ் மானைப் போல, கொம்பும் காலும் வைத்து. ஏழு வயது ஆஸ்கர் கொம்பைப் பிய்த்து வாயில் போட்டான்.

"மெதுவா ஆஸ்கர். ருசியைக் கவனி. இந்த நிமிஷம் திரும்ப வராது."

"வரும்பா. அம்மா அடுத்தது ஊத்திட்டிருக்காங்க."

அந்தப் பக்கத்து ஏரி வீடுகள் எல்லாவற்றிலும் கதவோரம் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும். தங்குகிறவர்கள் நாலு வரி எழுதிவிட்டுப் போவார்கள்: என்ன மீன் கிடைத்தது, கரடி வந்ததா, கூரை எங்கே ஒழுகுகிறது. வெண்டெல் நாலு பக்கம் எழுதுவதாக இருந்தான். காலிப் பக்கம் தேடிப் புரட்டியபோது போன ஆகஸ்டு கண்ணில் பட்டது.

'திங்கள். மூஸ் பான்கேக். பெரியவன் கொம்பைத்தான் முதலில் தின்றான். அப்பா இல்லை.'

வெண்டெல் திரும்பிப் பார்த்தான். ஆஸ்கரின் தட்டில் கொம்பில்லாத மூஸ் ஒன்று படுத்திருந்தது.

மேலே படித்தான்.

'செவ்வாய். பெரியவன் மீன் பிடித்தான். அப்பாவுக்குக் காட்டக் காத்திருந்தோம். மீனால் காத்திருக்க முடியவில்லை.

புதன். சோளத்தைக் கடித்ததில் பல் விழுந்தது. அப்பா இல்லை.

வியாழன். மழை. நாலு பேருக்குச் சீட்டுப் போட்டு மூன்று பேர் ஆடினோம்.

வெள்ளி. நெருப்பு மூட்டினோம். அப்பா எங்கே என்று குட்டி இன்று கேட்கவே இல்லை. பழகிவிட்டாள்.'

அதோடு சரி. கீழே பெயர் இல்லை. அவனுக்கு அடையாளம் தெரியாத கையெழுத்து.

ஒரு அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரு அப்பா. வந்தது நாலு பேர், போனது மூன்று பேர். ஆகஸ்டு மாதத்தில் வெண்டெலுக்கு முதுகு சில்லிட்டது. மனைவியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் 'பயத்துக்கு இந்த வீட்டுக்குள் இடமில்லை' என்று வாசலில் நின்று ஐந்து நிமிடம் உரையாற்றியவன் அவன்தான்.

செவ்வாய்க்கிழமை அவன் துணிந்து ஒரு முடிவெடுத்தான்.

"இன்னிக்கு ஏரி கிடையாது. மரங்களை ரசிக்கிறோம்."

"எவ்ளோ நேரம்பா?" என்றான் ஆஸ்கர்.

"ரசிச்சு முடியற வரைக்கும்."

"நான் ரசிச்சிட்டேன்."

தூண்டில்களையும் துடுப்புகளையும் வாரிக்கொண்டு வெண்டெல் காட்டுக்குள் போனான். விழுந்து கிடந்த ஒரு பூர்ச்ச மரத்தடியில் எல்லாவற்றையும் ஒளித்தான். திரும்பும் வழி தெரியவில்லை. கொசுக்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, முகம் வீங்கி, வேறொரு திசையிலிருந்து வந்து சேர்ந்தான். படகுத்துறையில் ஆஸ்கர் குதித்துக்கொண்டிருந்தான். கையில் பட்டத்து நூல். நுனியில் வளைத்த ஊக்கு, அதில் துண்டு சாஸேஜ்.

"அப்பா! பிடிச்சேன்பா! இவ்ளோ பெரிசு!"

"எங்கே? எங்கே?"

"விட்டுட்டேன். உனக்குக் காட்டலாம்னுதான் பார்த்தேன். அது மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு."

"மீனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை" என்றாள் ப்ரிட்டா, படிக்கிற புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

வெண்டெலின் வீங்கிய முகம் வெளுத்தது.

புதன்கிழமை சோளம் வந்தது. ஒரு சாக்குப் பை நிறைய. ப்ரிட்டா வாசல்படியில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"போன வருஷம் இந்த வீட்ல இருந்தவங்களைப் பத்தி உனக்கு ஏதாவது தெரியுமா?"

உரிக்கிற கை நின்றது. "நோட்டைப் படிச்சியா?"

"சும்மா புரட்டினேன்."

"பரவாயில்லையே."

"அந்த அம்மாவும் குழந்தைங்களும் என்ன ஆனாங்க?"

"நல்லாத்தான் இருந்தாங்க. வேற வழி?"

"அப்பா?"

ப்ரிட்டா ஏரியைப் பார்த்தாள். "அவரைப் பத்தி இனிமே பேசி என்ன ஆகப்போகுது."

"பசங்க அழுதாங்களா?"

"முதல் ரெண்டு நாள்."

"அந்த அம்மா?"

"நாலு நாள்."

"இதை நீ எப்படி இவ்ளோ அமைதியா சொல்றே?"

"ஒரு வருஷம் ஆச்சே வெண்டெல்" என்று அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். அவள் விரல்கள் சோளம் கழுவிய நீரில் சில்லென்றிருந்தன. "நீயா வந்து கேட்டே பாரு, அதுவே போதும்."

வீடு அவளையும் பிடித்துவிட்டது என்று வெண்டெலுக்குப் புரிந்தது. இனி தாமதிக்கக் கூடாது. அவள் உள்ளே போனதும் சாக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றரை மைல் நடந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மாடுகளுக்கு ஒவ்வொரு கதிராக வீசினான். மாடுகள் கண்ணை மூடி, நிதானமாக, ருசித்து மென்றன. அந்த வாரம் யாராவது உண்மையிலேயே அந்தக் கணத்தில் வாழ்ந்தார்கள் என்றால் அவைதான்.

பையில் ஓர் ஓட்டை இருந்தது அவனுக்குத் தெரியாது. அதன் வழியாக வாசலிலேயே விழுந்த ஒரே ஒரு கதிரை ஆஸ்கர் எடுத்துப் பச்சையாகக் கடித்திருந்தான்.

"பல்லு போச்சுப்பா!" என்று ஓட்டை வாயோடு வரவேற்றான். "அப்பா வரட்டும்னு கையில வச்சிருந்தேன். ஜூனி வாங்கிப் பார்த்தா. தண்ணில போட்டுட்டா."

"மிதக்குமான்னு பார்த்தேன்" என்றாள் ஜூனி. "மிதக்கலை."

வியாழக்கிழமை மழை வந்தது. நோட்டில் போட்டிருந்ததுபோலவே, காலையிலிருந்தே. வெண்டெல் மேசைக்கு முன் போய் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாலு பேருக்குச் சீட்டுப் போட்டால் நாலு பேரும் ஆடியே தீருவது என்று முடிவு. ஆஸ்கர் சீட்டைப் போட்டான். ஜூனி அப்பாவின் சீட்டுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

"அது என்னோடது ஜூனி. நான் இங்கதான் இருக்கேன்!"

அவன் போட்ட சத்தத்தில் ஜூனி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "அப்பாவுக்கும் ஆடத் தெரியுமா?"

ஆட்டம் தொடங்கியது. ஆனால் வெண்டெலின் கண் சன்னலில் இருந்தது. வருவது ஏரிப் பக்கமிருந்து வருமா, காட்டுப் பக்கமிருந்தா? ஒரு மரம் அசைந்தது. அது ஏன் அசைந்தது?

"அப்பா, உன் முறை."

மழைக்குள் ஏதோ நின்றது. புதர்தான். நேற்று அது அங்கே இருந்ததா?

"அப்பா. உன் முறை. அப்பா."

அவன் திரும்பியபோது அவனுடைய சீட்டுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டு மேசை ஓரத்தில் இருந்தன. மூன்று பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவனை உலுக்கியது.

"அப்பா, நாளைக்கு நெருப்புல சுடுறப்போ உன் மார்ஷ்மெல்லோவை நான் எடுத்துக்கட்டுமா?" என்றான் ஆஸ்கர்.

"ஏன்?"

"வெள்ளிக்கிழமை நீ இருக்க மாட்டியே."

"யா... யாரு சொன்னா?"

ஆஸ்கர் தோளைக் குலுக்கினான். "யாரும் சொல்லலை."

வெள்ளிக்கிழமை வெண்டெல் விழித்ததும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டான். அதோடு பல் விளக்கினான், அதோடு சாப்பிட்டான். குழந்தைகளை ஒரு கணம் பிரியாமல் பின்னாலேயே போனான். ஆரஞ்சு நிற மூட்டை ஒன்று எந்நேரமும் பின்னால் நின்று மூச்சு விட்டது. அவர்கள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்கள், பிறகு அவனுக்குத் தெரியாமல் ஒளிந்து விளையாடக் கற்றுக்கொண்டார்கள்.

தேடித் தேடிக் களைத்து மாலையில் வீட்டுக்குள் வந்தான். நோட்டு ஆணியில் தொங்கியது. அந்தப் பக்கத்தைக் கிழித்து எறிந்துவிட்டால்? எடுத்தான். கிழிக்கும்போது தாள் மறுபுறம் திரும்பியது.

குழந்தை வரைந்த படம். கீழே ஏரி. கரையில் கையைக் கோத்துக்கொண்டு மூன்று உருவங்கள், மூன்றும் சிரித்தன. தூரத்தில், மேட்டின் உச்சியில், கறுப்பாக ஒரு நீளப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு வட்ட முகம். அதற்கு வாய் திறந்திருந்தது.

அப்போது மேட்டில் எஞ்சின் சத்தம் கேட்டது. மாலையில் வீட்டுக்காரி விறகு கொண்டுவருவாள் என்று ப்ரிட்டா சொல்லியிருந்தாள். அவள்தான்! விறகு வந்தால் நெருப்பு. நெருப்பு மூண்டால் வெள்ளிக்கிழமை முடிந்தது. வெண்டெல் தாளைக் கையில் கசக்கிக்கொண்டு மேட்டுப் பாதையில் ஓடினான். லைஃப் ஜாக்கெட்டின் வார்கள் இரண்டு பக்கமும் பறந்தன.

வீட்டுச் சொந்தக்காரி மார்லிஸ் நான்கு சக்கர வண்டியை நிறுத்திவிட்டு விறகுக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, கனத்த கை, அழுக்குத் தொப்பி. வாரம் முழுக்க அவளிடம் பேசியது ப்ரிட்டாதான். வெண்டெல் இப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறான்.

"விறகு வேண்டாம்!" என்று மூச்சிரைத்தான். "திருப்பி எடுத்துட்டுப் போங்க! எனக்கு எல்லாம் தெரியும்!"

"ஏற்கனவே ஒரு கட்டு கீழ போட்டாச்சே" என்றாள் மார்லிஸ். "பசங்க கேட்டுச்சுங்க."

வெண்டெல் திரும்பினான். கீழே, மரங்களுக்கிடையில், நூல் போல ஒரு புகை எழும்பியது. குழந்தைகள் சிரிக்கும் சத்தம் மேடு வரைக்கும் வந்தது. அப்பா எங்கே என்று எந்தக் குரலும் கேட்கவில்லை. கேட்கிறதா என்று அவன் நின்று காதைக் கொடுத்தான். கேட்கவில்லை.

"உண்மையைச் சொல்லுங்க" என்றான். "எனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு. போன ஆகஸ்டு இந்த வீட்ல ஒரு அப்பா தொலைஞ்சு போனாரு. அவரு உடம்பாவது கிடைச்சுதா?"

மார்லிஸ் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினாள். கிட்டத்தில் வந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்குக் கண் மெல்ல விரிந்தது.

"போன வருஷம், கீழ சிக்னல் வராதுன்னு இதே இடத்துல காரைப் போட்டுக்கிட்டு, விடியறதுக்குள்ள ஏறி வந்து, இருட்டினப்புறம் இறங்கிப் போயி, ஆறு நாளும் போன்ல கத்திக்கிட்டிருந்தீங்களே... நீங்களா அப்பா? நான் அந்தப் பொண்ணு கூட்டிட்டு வந்த டிரைவர்னு இல்ல நினைச்சேன்!"