வெள்ளத்தை ஷிஃப்டுக்குள் அடக்கியவர்

வெள்ளத்திலிருந்து மனித குலத்தைக் காப்பாற்ற எத்தனையோ மன்னர்களும் பொறியாளர்களும் முயன்றிருக்கிறார்கள். ஆனால் வெள்ளத்தை ஷிஃப்ட் நேரத்துக்குள் அடக்கிக் காட்டிய பெருமை, ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் போக்குவரத்து அதிகாரி விஜயகுமாருக்கே உரியது.

ஏரி உடைந்தால் கெம்பனப்பள்ளி ஜனங்களை ஏற்றிவரக் கம்பெனி பஸ் கொடுத்து உதவ வேண்டும் என்று அரசாங்க மேலிடத்திலிருந்து கேட்டிருந்தார்கள். கெம்பனப்பள்ளி விஜயகுமாரின் சொந்த ஊர். ஏரிக்கரைக்குக் கீழே இருந்த வீட்டில் அவருடைய தாயார் சரோஜம்மாள் இரண்டு மாடுகளோடு இருந்தார். ஆகவே விஜயகுமார் உயிரைக் கொடுத்துத் திட்டம் தயாரித்தார். கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடந்தது. எல்லாக் கூட்டத்திலும் முந்திரி பிஸ்கட் வைத்தார்கள்.

திட்டத்தின் நுட்பத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பஸ்கள் ஷிஃப்ட் மாறும்போதுதான் ஓடும். எனவே 'மீட்பு' அப்போதே நடக்கும். பஸ்ஸுக்கான இன்ஷூரன்ஸ் ஊழியர்களுக்கு மட்டும்தான் செல்லும்; எனவே 'பாதிக்கப்பட்டவர்' என்றால் கம்பெனி கார்டு வைத்திருப்பவர். 'பாதுகாப்பான இடம்' என்றால் கான்கிரீட் கூரை வேண்டும், கேன்டீன் வேண்டும், முதலுதவி அறை வேண்டும். தீர விசாரித்ததில் அந்த வட்டாரத்தில் அப்படி ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அது கம்பெனி.

"அப்ப நம்ம மதிய ஷிஃப்ட் பஸ்ஸுக்கும் இதுக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்று டிரைவர் மாதேஷ் கேட்டார்.

மாதேஷுக்கு நிர்வாக அனுபவம் குறைவு. முகப்பில் ஒட்டுவதற்கு 'மீட்பு வாகனம்' என்ற ஸ்டிக்கரைக் கையில் கொடுத்து வித்தியாசத்தை விளக்கினார்கள்.

ஐப்பசி மழையில் ஏரியும் ஒத்துழைத்தது. மதிய ஷிஃப்டுக்கு ஆள் ஏற்ற பஸ் ஊருக்குள் நுழைந்த வேளை பார்த்துக் கரை உடைந்தது. விஜயகுமார் அப்போது பொது மேலாளரின் அறையில் உட்கார்ந்து, சுவரிலிருந்த பெரிய திரையில் மீட்பை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். திரையில் பஸ் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது. மழை தெரியவில்லை.

மாதேஷ் போன் செய்தார். விஜயகுமார் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், முழங்கால் மட்டும் தண்ணி வந்துருச்சு. மத்தவங்களுக்குப் பின்னாடியே வண்டி வருதுன்னு சொல்லிக் கார்டுகாரங்கள ஏத்திட்டேன். பாதி சீட்டு காலியாத்தான் கெடக்குது. உங்கம்மா படியில நிக்கறாங்க. கார்டு இல்ல. ஏத்திக்கட்டுங்களா?"

பொது மேலாளர் தலை நிமிர்ந்து பார்த்தார். அம்மாவை ஏற்றினால், அம்மாவுக்குப் பின்னால் நிற்கிற பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவையும் ஏற்ற வேண்டும். வெள்ளையம்மாவுக்குப் பின்னால் தெருவே நிற்கும். விதியை எழுதியவரே பாரபட்சம் காட்டினால் நாடு என்னவாகும்?

"அடுத்த ட்ரிப்ல பாக்கலாம், மாதேஷ்" என்றார் விஜயகுமார். அடுத்த ட்ரிப் இரவு ஷிஃப்டுக்கு.

போனில் சரோஜம்மாளின் குரல் கேட்டது. "ஏன்டா விஜி, உன்னப் பெத்ததுக்கு எனக்கு ஏதாச்சும் கார்டு குடுத்தாங்களான்னு ஊட்ல போய்த் தேடிப் பாக்கறேன். நீ வேலையப் பாரு."

தண்ணீரில் யாரோ இறங்கும் சத்தம் வந்தது. பச்சைப் புள்ளி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் நகர்ந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் வெட்கக்கேடு. பேரிகை கிராமத்திலிருந்து தக்காளி ஏற்றி வந்த திம்மப்பன் என்கிற வேன்காரர், கையில் எந்தத் திட்டமும் இல்லாமல், பேருக்கு ஒரு கூட்டம்கூடப் போடாமல், பெட்டிகளை நடுரோட்டில் தள்ளினார். "எக்கண்டி, எக்கண்டி" என்று தெலுங்கில் கத்திக் கைக்குக் கிடைத்தவர்களையெல்லாம் ஏற்றினார். கட்டுத்தறியில் நின்ற மாடுகளை அவிழ்த்துவிட்டார். மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பத் திரும்ப வந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் கேன்டீன் கிடையாது என்பதை அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றியதற்காக அவருக்குப் பின்னர் அபராதம் போட்டார்கள். வெள்ளத்திலும் சட்டம் உயிர் தப்பிவிட்டது என்பதில் எல்லோருக்கும் ஆறுதல்.

அன்று மாலை விஜயகுமார் பள்ளிக்கூடத்துக்குப் போனார். சரோஜம்மாள் ஈரச் சேலையோடு சோற்று வரிசையில் நின்றிருந்தார். மகனைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தார்.

"வாங்க சார்" என்றார். பிறகு வெள்ளையம்மாவிடம் திரும்பி, "கம்பெனிலேருந்து வந்திருக்காரு. கொஞ்சம் தள்ளி நில்லு, சேறு பட்டுறப் போவுது" என்றார்.

பிறந்ததிலிருந்து அம்மா அவரை 'டா' போடாமல் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. மரியாதை உயர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள விஜயகுமார் முயன்றார்.

மறுமாதம் பாராட்டு விழா நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்று அறிக்கை வாசித்தார்கள். திம்மப்பனின் ட்ரிப்புகளும் கம்பெனிக் கணக்கிலேயே வந்துவிட்டன. வெள்ளத்தன்று மதிய ஷிஃப்டில் ஒருவர்கூட ஆப்சென்ட் இல்லை என்றபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. விஜயகுமாருக்குக் கேடயம் கொடுத்துவிட்டுப் பொது மேலாளர் தமக்கு ஒரு சந்தேகம் என்றார்.

"கெம்பனப்பள்ளி ஆளுங்க எப்பவும் பாதி ஷிஃப்டுல பர்மிஷன் கேப்பாங்க. வெள்ளத்துக்கு அப்புறம் ஒருத்தரும் கேக்கல. ஓவர்டைம் போட்டாலும் மொகம் சுளிக்காம நிக்கறாங்க. எப்படி சாதிச்சீங்க, விஜயகுமார்?"

விஜயகுமார் கேடயத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"போறதுக்கு வீடு இல்ல சார்."

பொது மேலாளர் விஜயகுமாரின் தோளைத் தட்டினார்.

"அருமை" என்றார். "மத்த ஊருக்கும் இதக் கொண்டுபோக முடியுமா, பாருங்க."