கம்பெனியைக் கெஞ்ச வைப்பது எப்படி

"சரிங்க மிஸஸ் ட்ரெவின், உங்க கணக்கை முடிச்சிடறேன். இத்தனை வருஷம் எங்களோட இருந்ததுக்கு நன்றி."

அவ்வளவுதான். போன் அடங்கிவிட்டது. கிளெனிஸ் அதைக் காதிலிருந்து எடுக்காமல் சமையலறையில் அப்படியே நின்றாள்.

பதினோரு வருடமாக நடந்துவருகிற காரியம் இது. மின்சாரக் கம்பெனி ஒரு வருடத்துக்கு ஒரே விலை என்று திட்டம் கொடுக்கும். ஜூன் முப்பதோடு அது முடியும். சும்மா இருந்தால் விலை தானாக ஏறிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் ஜூன்தான் குளிர்காலம்; பெண்டிகோ ஊரின் குளிரில் அது விளையாட்டில்லை. முடிகிற அன்று காலை கிளெனிஸ் போன் போட்டு, வேறு கம்பெனிக்குப் போகிறேன் என்பாள். அந்தப் பக்கம் பதறுவார்கள். போகாதீர்கள் மேடம் என்பார்கள். பழைய விலையையே இன்னும் ஒரு வருடத்துக்குத் தருவார்கள். அவள் யோசிப்பதுபோல் கொஞ்சம் இழுத்துவிட்டு, "போனாப் போகுது, இருக்கேன்" என்பாள்.

தெருவில் வேறு யாருக்கும் இது வாய்க்கவில்லை. பக்கத்து வீட்டு நோலீன் ஒருமுறை இதே வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தாள். போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதெல்லாம் குரலில் இருக்கிறது என்று கிளெனிஸ் விளக்கினாள். முப்பது வருடம் பள்ளிக்கூடக் கேன்டீனை நடத்திய குரல் அது.

அந்தப் புகழால்தான், வருகிற வியாழக்கிழமை, புல்தரையில் பந்து உருட்டி ஆடுகிற பௌல்ஸ் கிளப்பில் தேநீருக்குப் பிறகு பேச அவளை அழைத்திருந்தார்கள். "கம்பெனியைக் கெஞ்ச வைப்பது எப்படி" என்று நோலீனே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தாள். சுடச்சுட ஒரு வெற்றியோடு மேடையேறலாம் என்றுதான் கிளெனிஸ் இந்த வருடம் முப்பதாம் தேதிவரை காத்திராமல், பத்து நாள் முன்னாலேயே, திங்கட்கிழமையே போன் போட்டாள்.

அவள் கணவர் ரெக்ஸ் செய்தித்தாளை இறக்கினார்.

"இன்னிக்கேவா கூப்பிட்டே? முப்பதாம் தேதிதானே கூப்பிடுவே?"

"கூப்பிட்டாச்சு. விட்டுட்டாங்க."

"விட்டுட்டாங்கன்னா?"

"போன்னு விட்டுட்டாங்க, ரெக்ஸ்."

அவர் முகம் வெளுத்தது. "நான் வேணா ஒரு வார்த்தை பேசிப் பார்க்கட்டுமா?"

"நீயா? கடைக்காரன் தப்பான பீட்சாவைக் குடுத்தாக்கூட தேங்க்ஸ் சொல்லி வாங்கிட்டு வர்ற ஆளு நீ. போனைத் தொடாதே."

திரும்பக் கூப்பிட்டு, சும்மா சொன்னேன் என்று சொல்லலாம். சொல்லலாம்தான். ஆனால் ட்ரெவின் குடும்பத்தில் யாரும் அப்படி இறங்கிப் போனதில்லை.

அவள் இரண்டாவது கம்பெனியைக் கூப்பிட்டாள். அவர்கள் சொன்ன விலை மோசமில்லை. பழக்க தோஷத்தில், இந்த விலைக்கு நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தாராளமாகப் பாருங்கள் என்றார்கள்.

மூன்றாவது கம்பெனி மறுநாளே இணைப்பை மாற்றித் தருவதாகச் சொன்னது. அதன் திட்டத்தில் பகல் பதினொன்றிலிருந்து இரண்டு வரை மின்சாரம் இலவசம். மற்ற நேரத்து விலையை அந்த ஆள் வேகமாகச் சொன்னான். அவள் வேகமாகச் சரி என்றாள்.

செவ்வாய்க்கிழமை சரியாகப் பதினோரு மணிக்குத் துணி துவைக்கும் இயந்திரம், உலர்த்தும் இயந்திரம், அடுப்பு, ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டாள். வீடு ஒருமுறை உறுமிவிட்டு அணைந்தது. ரெக்ஸ் வெளியே போய்ச் சுவிட்சைத் தூக்கிவிட்டு வந்தார். மறுபடி அணைந்தது. நான்காவது தடவை அவர் திரும்பி வரும்போது மணி இரண்டு. ஆட்டுத்தொடை பாதி வெந்திருந்தது. சாயங்காலம் இருவரும் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து ரொட்டியில் வெஜிமைட் தடவிச் சாப்பிட்டார்கள். விலை எவ்வளவானாலும் ஹீட்டரைப் போட்டால் என்ன என்று ரெக்ஸ் கேட்கவில்லை. பார்க்க மட்டும் பார்த்தார்.

புதன்கிழமை அவள் வேறு உத்தி பிடித்தாள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஹீட்டரை மட்டும் உச்சத்தில் வைத்து, வீட்டை ராத்திரிவரை தாங்குகிற அளவுக்குச் சுட வைப்பது. ஒன்றரை மணிக்கு நோலீன் கதவைத் தட்டியபோது, ரெக்ஸ் அரைக்கால் சட்டையில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். நோலீன் கம்பளிக் கோட்டும் கையுறையுமாக வாசலில் நின்றாள்.

"என்ன கிளெனிஸ், உங்க வீட்டுக்கு மட்டும் கோடை வந்திடுச்சா?"

"புதுக் கம்பெனி. புதுத் திட்டம்."

"அப்போ பழைய கம்பெனி இந்தத் தடவை கெஞ்சலையா?"

கேட்ட விதமே சரியில்லை. கிளெனிஸ் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"அழாத குறைதான். நான்தான் மசியலை."

"அப்படியா? அப்போ நாளைக்கு மேடையிலேயே போன் போடேன். ஸ்பீக்கர்ல. நாங்களும் கேட்கிறோம்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிளெனிஸ் தலையை நிமிர்த்தி, "அதுக்கென்ன" என்றாள். ரெக்ஸுக்குப் புரையேறியது.

நோலீன் போனதும் அவர் பின்னாலேயே வந்து, நாளைக்கு முன்னால் நான் ஒரே ஒரு போன் செய்துகொள்கிறேன் என்று ஆரம்பித்தார். அவள் அவருடைய போனையும் எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். தன் மானத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியும் என்றாள்.

வியாழக்கிழமை கிளப்பில் நாற்பது பேர். தேநீரும் லாமிங்டன் கேக்கும் சுற்றி வந்தன. கிளெனிஸ் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் நின்று, பயந்தவர்களைக் கம்பெனி ஏறி மிதிக்கும், நிமிர்ந்தவர்களிடம் படியும் என்று பத்து நிமிடம் பேசினாள். நன்றாகவே பேசினாள். பின்வரிசையிலிருந்து ரெக்ஸ் இரண்டு கையையும் ஆட்டி என்னவோ சைகை செய்துகொண்டிருந்தார். உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

முன்வரிசையில் நோலீன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிளெனிஸ் எண்ணை அழுத்தி, போனை மைக் பக்கத்தில் வைத்தாள்.

"நான் கிளெனிஸ் ட்ரெவின் பேசறேன். திங்கட்கிழமை உங்களை விட்டுப் போனேன். திரும்பி வரலாமான்னு யோசிக்கிறேன். நான் வரணும்னா நீங்க என்ன செய்வீங்க?"

"ஒரு நிமிஷம் மேடம், உங்க கணக்கைத் திறக்கிறேன்."

கூடத்தில் எல்லாரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்கள். கிளெனிஸ் முகவாயைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, மன்னிச்சிடுங்க மிஸஸ் ட்ரெவின்," என்றது குரல், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "வருஷா வருஷம் உங்க வீட்டுக்காரர் முதல்நாளே கூப்பிட்டு விலையைப் பேசி முடிச்சிட்டு, 'நாளைக்கு என் மனைவி கூப்பிடுவா, அவகிட்ட நல்லாக் கெஞ்சுங்க'ன்னு சொல்லிடுவாராமே, இந்தத் தடவை அவர்கிட்டேருந்து போனே வரலை, சார் நல்லா இருக்காரா?"